எட்டு மணிக்குக் கிடப்பவை

அந்தக் கட்டடத்தின் கண்ணாடி தினமும் பாடம் படித்தது.

சதுப்பு நிலத்தை ஒட்டி மேற்கே நின்ற இருபத்திரண்டு மாடிக் கட்டடம் அது. நான்கு பக்கமும் அடியிலிருந்து உச்சிவரை கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் ஒரு மெல்லிய படலம் இருந்தது. அதில் கோடுகளும் புள்ளிகளும் தோன்றி மறையும். ஊதாவுக்கு அப்பாலுள்ள நிறம் என்பதால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது, பறவைகளுக்கு மட்டும் தெரியும். வெறும் கண்ணாடியில் வானத்தின் நிழலைப் பார்த்து ஏமாந்து மோதிச் சாகிற பறவைகள், அந்தக் கோடுகளைப் பார்த்தால் ஒதுங்கிப் போகும். எந்தக் கோலத்துக்கு எந்தப் பறவை ஒதுங்கும் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதனால் கண்ணாடியே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள்.

ஒவ்வொரு பக்கமும் ஒரு புதுக் கோலத்தைப் போட்டுப் பார்க்கும். காலை எட்டு மணிக்குக் கேமரா பொருத்திய சின்ன வண்டி ஒன்று தானாகக் கட்டடத்தைச் சுற்றி வந்து, சுவரடித் தளத்தில் விழுந்து கிடக்கும் பறவைகளை எண்ணும். எந்தப் பக்கத்தில் குறைவாகக் கிடக்கிறதோ, அந்தப் பக்கத்துக் கோலத்தை மற்ற மூன்றும் எடுத்துக்கொள்ளும். நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பார்த்து மற்ற பிள்ளைகள் எழுதுவதுபோல.

நுழைவாயிலில் ஒரு மின்பலகை, அன்றன்றைக்கு எத்தனை பறவைகள் இறந்தன என்று காட்டும். நாற்பத்து மூன்று நாட்களாக அதில் பூஜ்ஜியம்தான்.

அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்து அதிகமாகப் பெருமைப்பட்டவள் ஜெயசீலி. ஹவுஸ்கீப்பிங்கில் காலை ஷிப்டு. பலகையில் எண்ணுக்கு மேலே இருந்த ஆங்கிலம் அவளுக்குப் படிக்க வராது. சூப்பர்வைசர் குணசீலன் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்: "எட்டு மணிக்கு வண்டி வரும்மா. போட்டோ புடிச்சு மேல அனுப்பும். ஒரு இறகு கெடந்தாலும் நம்ம கான்ட்ராக்டுக்குக் கெட்ட பேரு." ஒருமுறை பலகையில் இரண்டு என்று வந்தபோது ஆறு பெண்களையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்டினார். அதனால் அந்த எண் குப்பையின் எண் என்று அவர்கள் எல்லோரும் புரிந்துவைத்திருந்தார்கள். பூஜ்ஜியம் என்றால் சுத்தம். நாற்பத்து மூன்று நாள் பூஜ்ஜியம் என்றால் சும்மாவா?

நாற்பத்து நான்காம் நாள் காலை ஆறே காலுக்குச் சிந்துஜா வந்து நின்றாள்.

இருபத்தெட்டு வயதுப் பெண். கண்ணாடிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நிரலை எழுதியவள் அவள்தான். வழக்கமாக நகரத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து திரையில் எண்ணைப் பார்ப்பதோடு சரி. அன்று படம் பிடிக்க ஆட்கள் வருவதாக இருந்ததால், இடத்தைப் பார்த்துவைக்கச் சீக்கிரம் வந்திருந்தாள். கிழக்குப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று பெண்கள் குனிந்து எதையோ பொறுக்கி நீலப் பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா இது?"

"குருவி மேடம்," என்றாள் ஜெயசீலி.

"பிரியாணிக்கு இல்ல மேடம், பயந்துக்காதீங்க," என்றாள் தேசம்மாள். ஆறு பேரில் மூத்தவள், வாய் சும்மா இருக்காது. "பின்னாடி குழி தோண்டிப் பொதைச்சுருவோம்."

சிந்துஜா பக்கெட்டை எட்டிப் பார்த்தாள். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஆறுமணிக்குருவிகள். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து ஐப்பசியில் வந்து இறங்குபவை. இரண்டு வாலாட்டிகள். ஒரு மீன்கொத்தி.

"எத்தனை?"

"இன்னிக்குக் கம்மிதான் மேடம். பதினேழு."

"தினமுமா?"

"தினமும்தான். அதான் ஆறு மணிக்கே வந்துர்றமே." ஜெயசீலிக்குத் திட்டு விழப்போகிறதோ என்று பயம் வந்தது. "எட்டு மணிக்குள்ள ஒண்ணு இருக்காது மேடம். நீங்க வேணா பலகையப் பாருங்க. நாப்பத்தி மூணு நாளா முட்டை."

சிந்துஜா கிழக்குச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். "எந்தப் பக்கம் முதல்ல சுத்தம் பண்ணுவீங்க?"

"கெழக்கு. அங்கதான் நெறைய வுழும். மூணு பேரு போவோம். அலசி வுட்ருவோம்."

"மத்தப் பக்கம்?"

"அங்க ஒண்ணு ரெண்டுதான். முன்னல்லாம் செடிக்குள்ள கெடந்து எங்க கண்ணுல படாம வுட்டுப்போவும். அதுக்குத்தான் அப்ப சாரு திட்டுனாரு."

சிந்துஜா ஈரத் தளத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"நிறையக் கொன்ன பக்கத்துக்குப் பூஜ்ஜியம். கம்மியாக் கொன்ன பக்கத்துக்கு ஒண்ணு, ரெண்டு." அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. "அப்போ எது நல்ல கோலம்னு அது நினைச்சிருக்கும்? அக்கா, அது கொல்லக் கத்துக்கிட்டிருக்கு. பறவையைக் கூப்பிடற மாதிரிக் கோலம் போடுது. நாமதான் சொல்லிக்கொடுத்திருக்கோம்."

"நாங்க பெருக்குனோம் மேடம். அவ்ளோதான்."

"தெரியும்க்கா."

"அப்ப அந்த முட்டை எங்களுக்குப் போட்டது இல்லியா?" என்று கேட்டாள் தேசம்மாள்.

பக்கெட்டில் ஏதோ அசைந்தது. ஜெயசீலி சட்டென்று கையை விட்டு ஒரு குருவியை எடுத்தாள். காலி டிஷ்யூ பெட்டி ஒன்று எப்போதும் அவளிடம் இருக்கும். மூச்சு இருப்பதை அதில் வைத்து மூடி, மாப் வைக்கும் அறையில் இருட்டில் ஒரு மணி நேரம் வைப்பாள். பாதி பிழைக்கும். பிழைத்ததைச் சதுப்புப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிடுவாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. மயங்கிய உயிருக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது என்று அவளுக்குத் தானாகவே தோன்றியது.

இன்னும் பதினோரு நாளில் அந்தக் கட்டடத்தின் கோலத்தை நகல் எடுத்து, சதுப்பிலிருந்து கடற்கரைவரை நாற்பத்தோரு கட்டடங்களுக்குப் போடுவதாக இருந்தது. பறவைகள் வந்து இறங்குகிற பாதை முழுக்க. சிந்துஜா அன்று காலையே மேலிடத்துக்குப் போனாள். மதியம் திரும்பி வந்தபோது பெண்கள் பின்பக்கம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க சொல்ற எண்ணிக்கையை ஏத்துக்க மாட்டாங்களாம்," என்றாள். "தணிக்கைக்குக் கேமரா படம்தான் செல்லுமாம். பெருக்குறவங்க சொன்னாங்கன்னு எழுத முடியாதாம்."

"நாங்க சொன்னா பொய்யி, அந்தப் பொம்ம வண்டி சொன்னா நெசமா?" என்றாள் தேசம்மாள்.

"அப்படி எழுதினா, வேலைக்காரங்க கணக்கைக் கெடுத்துட்டாங்கன்னு உங்க ஆறு பேர் மேலயும் கேஸ் ஆகும்னு சொல்றாங்க."

ஜெயசீலி கையிலிருந்த சோற்றைத் திரும்ப வைத்தாள். "கண்ணாடிய அணைச்சுடுங்களேன் மேடம்."

"அணைச்சா வெறும் கண்ணாடி. அப்பவும் மோதும். ஒண்ணும் கத்துக்காது. நாற்பத்தோரு கட்டடத்துக்குப் போறது நிக்காது." சிந்துஜா அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். "ஒரே வழிதான் இருக்கு. நாளையிலேர்ந்து பதினோரு நாள் எட்டு மணி வரைக்கும் எதையும் தொடாதீங்க. வண்டி எண்ணட்டும். அதுக்கு மட்டும் மேலிடத்துல சம்மதம் வாங்கிட்டேன். தப்புத் தப்புன்னு மார்க் போட்டா அது திருத்திக்கும். வேகமாப் படிக்கும்."

"உசுரோட இருக்கறது?"

சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள். "அதையும் எடுத்தா எண்ணிக்கை குறையும்க்கா."

முதல் நாள் இருபத்தாறு.

விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதைப்போலக் கொடுமையான வேலை இல்லை என்று ஜெயசீலிக்கு அன்று தெரிந்தது. ஆறரைக்கு அவள் காலடியிலேயே ஒரு ஆறுமணிக்குருவி விழுந்தது. மல்லாந்து, கால்களை மடக்கிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியது. பெட்டியும் கையில் இருந்தது.

"எடுக்காத," என்றாள் தேசம்மாள், பக்கத்தில் வந்து நின்று. அவள் குரலில் எப்போதுமிருக்கும் கிண்டல் இல்லை. "நீ ஒண்ண எடுத்தா அவ ஒண்ண எடுப்பா. அப்புறம் மறுபடியும் முட்டைதான்."

காக்கைகள் வந்தன. இத்தனை நாள் இல்லாத விருந்து. ஒரு காக்கை இறந்துகிடந்த வாலாட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. அதுவும் எண்ணிக்கையில் குறையும் என்று அப்போதுதான் உறைத்தது. ஆறு பெண்களும் மாப்புக் கட்டைகளைச் சுழற்றிக்கொண்டு பிணங்களுக்குக் காவல் நின்றார்கள். ஜெயசீலி அந்தக் குருவியின்மேல் தன் நிழல் விழும்படி நின்றாள். அதைத்தான் அவளால் செய்ய முடிந்தது. ஏழு இருபதுக்கு அதன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. எட்டு மணிக்கு வண்டி வந்து, ஒரு நொடி நின்று, அதை எண்ணிக்கொண்டு போனது.

இரண்டாம் நாள் முப்பத்தொன்று. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் காபிக் கோப்பையுமாக வந்த ஒரு பெண் அலறிவிட்டாள். "ஏங்க, வேலை செய்யவே மாட்டீங்களா? இதைத் தாண்டித்தான் நாங்க உள்ள போகணுமா?" குணசீலன் ஓடிவந்தார். மேலிடத்து உத்தரவு என்பதால் அவரால் திட்டவும் முடியவில்லை. "என்னமோ பண்ணுங்க. எனக்கு இந்தக் கெழக்குப் பக்கம் வர்றதுக்கே பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை பலகையைத் துணிபோட்டு மூடினார்கள்.

மூன்றாம் நாள் இருபத்திரண்டு. பிறகு பதினைந்து. ஒன்பது. மறுபடியும் ஒன்பது. மூன்று. எட்டாம் நாள் ஒன்று. கண்ணாடி படித்துவிட்டது. ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் கிழக்குப் பக்கம் பூஜ்ஜியம். அந்தக் கோலமே மற்ற மூன்று பக்கமும் பரவியது. யாரும் எதையும் பொறுக்காத, காக்கை எதையும் தூக்காத பூஜ்ஜியம். ஆறு பேரும் கண்ணால் பார்த்த பூஜ்ஜியம். சிந்துஜா மைசூர்பாகு டப்பாவோடு வந்து ஒவ்வொருவர் வாயிலும் அவளே ஊட்டிவிட்டாள். ஊட்டும்போதே அழுதாள்.

"அழுவாத கண்ணு, இனிப்பு உப்பு கரிக்குது," என்றாள் தேசம்மாள்.

ஜெயசீலியும் சிரித்தாள். ஆனால் அவள் காது வேறெங்கோ இருந்தது. முந்தின நாள் காலையிலும் அன்றும் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தாள். ஈரத்துணியை உதறுவதுபோல ஒரு சின்ன ‘டப்’. கீழே பார்த்தால் ஒன்றும் இருக்காது. மேலே ஏதோ ஜன்னலை மூடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னலே இல்லாத கட்டடம் என்பது வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

பதினோராம் நாள், கடைசி நாள், அவள் ஐந்தே முக்காலுக்கே வந்து கிழக்குப் பக்கம் அண்ணாந்து நின்றாள். கிழக்கு வெளுத்தது. டப். ஒரு குருவி கண்ணாடியில் நேராக மோதாமல், கடைசி நொடியில் திரும்பி, சாய்வாக உரசித் தெறித்ததை அவள் பார்த்தாள். அது விழவில்லை. தள்ளாடியபடி அவள் தலைக்கு மேலே பறந்து, மதில் சுவரைத் தாண்டிப் போனது. பிறகு இன்னொன்று. ஆறரைக்குள் பதினொன்று எண்ணினாள்.

மதிலில் மழைத் தண்ணீர் போக ஒரு திறப்பு இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் வழியாகக் குனிந்து வெளியே போனாள். சதுப்பின் விளிம்பு. இடுப்பளவு கோரை. கோரைக்குள் முதல் அடி வைத்ததுமே கிடந்தது. அதற்கப்பால் இன்னொன்று. நேற்றையவை, முந்தாநாளையவை, சற்றுமுன் வந்து விழுந்து இன்னும் சூடு ஆறாதவை. மூன்று நாள் பறவைகளும் சேற்றில் அங்கங்கே செருகிக் கிடந்தன.

சிந்துஜா வந்ததும் ஜெயசீலி எதுவும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் திறப்பின் வழியாகக் காட்டினாள்.

சிந்துஜா திறப்பில் குனிந்து, எட்டிய ஒரு குருவியை எடுத்துத் தலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "கடைசி நொடியில திரும்ப வைக்குது," என்றாள். "தலை பக்கவாட்டுல அடிபடும். உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். கொஞ்ச தூரம் பறந்துட்டு விழும்."

"நல்லாப் படிச்சிருச்சுன்னு சொன்னியேம்மா." ‘மேடம்’ எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நல்லாத்தான்க்கா படிச்சிருக்கு. பறவையைக் காப்பாத்துன்னு நான் அதுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அந்தத் தளத்துல எட்டு மணிக்கு எதுவும் கிடக்கக் கூடாதுன்னுதான் சொல்லிக்கொடுத்தேன்."

"எங்க சாரும் எங்களுக்கு அதத்தான் சொன்னாரு," என்றாள் ஜெயசீலி.

சிந்துஜா போனை எடுத்து மேலிடத்தை அழைத்தாள். பேசியது கொஞ்சம்தான், கேட்டதுதான் அதிகம். பிறகு போனை இறக்கினாள். "மதிலுக்கு வெளியே கிடந்தா நம்ம கட்டடத்துக் கணக்கு இல்லையாம். சதுப்புல நோய்ல ஆயிரம் பறவை சாகும், அதுக்கெல்லாம் நாமளா பொறுப்புன்னு கேக்கறார். இன்னிக்கு எட்டு மணி எண்ணிக்கையோட நகல் போயிடுமாம்."

மணி ஏழு ஐந்து.

ஜெயசீலி நீலப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு திறப்பின் வழியாகப் போனாள். பக்கெட் நிறைந்ததும் உள்ளே வந்து, கிழக்குச் சுவரடியில், அவளே தினமும் அலசிவிட்ட தளத்தில், ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினாள். வீசவில்லை. ஒரு முழ இடைவெளி விட்டு வைத்தாள், வண்டி ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று.

"இன்னாடி பண்ற?" தேசம்மாள் வாயைப் பிளந்தாள். "பைத்தியமா உனக்கு? மாட்னா அவ்ளோதான்."

"தெரியும்க்கா."

சிந்துஜா ஓடிவந்தாள். "அக்கா, இது... இதுவும் பொய்க் கணக்குத்தானே? கண்டுபிடிச்சா உங்களை..."

"செத்தது செத்ததுதானம்மா. நான் எடம்தான் மாத்துறேன்."

சிந்துஜா தளத்தில் கிடந்தவற்றைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கட்டடத்தின் மேற்குப் பக்கம் போய் நின்றுகொண்டாள், பார்க்காதவளைப்போல. தேசம்மாள் சிறிது நேரம் இடுப்பில் கைவைத்து நின்றாள். "சேத்துல எனக்குக் கால் வராதுடி" என்று புலம்பிக்கொண்டே தன் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு திறப்பில் குனிந்தாள். மற்ற நால்வரும் பின்னால் போனார்கள்.

கோரைக்குள் ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. ஜெயசீலி அதைத் தளத்தில் வைக்கவில்லை. டிஷ்யூ பெட்டிக்குள் வைத்து மாப் அறைக்குக் கொண்டுபோனாள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது.

எட்டு மணிக்கு வண்டி வந்தது. கிழக்குப் பக்கம் அது கடக்க வெகுநேரம் பிடித்தது. ஒவ்வொன்றின் முன்னும் நின்று, எண்ணி, நகர்ந்தது. முப்பத்து நான்கு.

ஒன்பதரைக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. படங்களில் பறவைகளோடு சேற்றுக் காலடிகளும் இருந்தன. மதில் திறப்பிலிருந்து சுவரடிவரை, போவதும் வருவதுமாக. அத்தனை சுத்தமான தளத்தில் அவை அச்சடித்ததுபோலத் தெரிந்தன. அலுவலக அறையில் யாரென்று கேட்டார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் ஜெயசீலிக்கு எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றும் ஒட்டிக்கொண்டது. கையை மட்டும் தூக்கினாள்.

"நீ ஒருத்தியாவா?"

தலையாட்டினாள். ஆறு பேரின் காலடி என்பது படத்திலேயே தெரிந்தது. ஒருத்தி போதும் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். மதியத்துக்குள் அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அறிக்கையில் அந்த முப்பத்து நான்கையும் அடித்துவிட்டுப் பூஜ்ஜியம் என்று எழுதினார்கள். அன்று மாலையே நகல் போவதாக இருந்த கோலம், இந்தக் குழப்பத்தால் மட்டும் பதினைந்து நாள் தள்ளிப்போனது.

ஜெயசீலி கல்யாண மண்டபம் ஒன்றில் பாத்திரம் கழுவப் போனாள். குடியிருப்பின் ஏழாவது மாடியில் அவள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் தெரியும். துணி காயப்போடும்போதுகூட அந்தப் பக்கம் திரும்பமாட்டாள்.

நகல் போக வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிறு காலை, சிந்துஜா ஏழு மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"லிப்ட் ஓடலையாம்மா?"

"ஓடலை." அவள் கண்கள் பளபளத்தன. "அக்கா, காகிதத்துலதான் அவங்களால அடிக்க முடிஞ்சுது. கண்ணாடிக்குள்ள அடிக்க முடியலை. அது எட்டு மணிக்கே முப்பத்து நாலையும் படிச்சிருச்சு. அன்னிக்கு ராத்திரியே அந்தக் கோலத்தை விட்டுடுச்சு. இப்போ முழுக்க வேற. பதினாலு நாளா பூஜ்ஜியம். நாளைக்கு நாற்பத்தோரு கட்டடத்துக்கும் போறது இந்தக் கோலம்தான். அவங்களுக்கே தெரியாது."

ஜெயசீலி கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். எப்போது சிரிப்பாள் என்று சிந்துஜா அவள் முகத்தையே பார்த்தாள்.

"பூஜ்ஜியம்னு யாரு சொன்னது?"

"வண்டிதான்..."

"கோரைக்குள்ள பாத்தியா?"

சிந்துஜா இல்லையென்று தலையசைத்தாள்.

"தேசம்மாக்கா பாத்துச்சா?"

"மதில் திறப்பைச் சிமெண்டு வெச்சு அடைச்சுட்டாங்கக்கா. யாரும் போக முடியாது."

ஜெயசீலி அடுப்பை அணைத்தாள். கதவைச் சாத்தினாள். இருவரும் படியிறங்கி, குடியிருப்பைச் சுற்றி, பிரதான சாலையைக் கடந்து, சதுப்பின் மறுகரை வழியாக அரை மணி நேரம் நடந்து, கட்டடத்து மதிலின் வெளிப்புறத்துக்கு வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. கட்டடத்தின் கிழக்கு முகம் முழுக்க வானம் தெரிந்தது. மனிதக் கண்ணுக்கு அங்கே வேறொன்றும் இல்லை.

ஜெயசீலி சேலையைச் செருகிக்கொண்டு கோரைக்குள் இறங்கினாள். சிந்துஜா கரையில் தயங்கினாள். பிறகு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கரையிலேயே போட்டுவிட்டு, முழங்கால்வரை சேற்றில் இறங்கினாள். கோரையை இரண்டு கையாலும் விலக்கி விலக்கிப் பார்த்தார்கள். ஒரு தண்ணீர்ப் பாம்பு ஓடியது. பழைய இறகுகள் இருந்தன, எப்போதையவை என்று தெரியவில்லை.

"இங்க ஒண்ணும் இல்லைக்கா," என்றாள் சிந்துஜா. குரலில் கெஞ்சல் இருந்தது. "அக்கா, நிஜமாவே ஒண்ணும் இல்லை."

ஜெயசீலி நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தாள். அங்கிருந்து ஒரு பறவை இன்னும் எவ்வளவு தூரம் பறக்கக் கற்றுக்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டாள். சதுப்பு அவளுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டியவரை விரிந்து கிடந்தது.

"இந்தப் பக்கம் இல்ல," என்றாள். "வா, அந்தாண்ட பாப்போம்."